புள்ளியைச் சுழியாக்கியவர்

ஆங்கிலத்துல ஒரு பெயர்ப்பலகை எழுதணும்னா, எழுதுறவர் முதல்ல ஒரு முடிவு எடுக்கணும். எல்லாமே கேப்பிட்டல் எழுத்தா, இல்ல முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டலா? தமிழ்ல அந்தக் கேள்வியே கிடையாது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. க என்றால் எங்கே எழுதினாலும் ஒரே க தான்.

அப்படியானால் தமிழ் எழுத்துக்கு வாசிப்புச் சிக்கலே இருந்ததில்லையா? இருந்தது. 300 வருஷத்துக்கு முன்னாடி ஏரி என்று எழுதினதையும் எரி என்று எழுதினதையும் பார்வையில் பிரிக்க முடியாத நிலை இருந்தது. அந்தக் கோளாறைப் பிடித்துச் சரிசெய்தவராக நாம் அறிகிறவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்ல. ஸ்கூல் புத்தகத்தில் தேம்பாவணி எழுதியவர் என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்துவிட்டு நாம் கடந்துபோன வீரமாமுனிவர்தான் அவர். ஒரு இன்ஜினியரிங் மாணவர் கண்ணோட அவர் வாழ்க்கையைப் படித்தால் வேறு ஒரு ஆள் தெரிகிறார். இந்த மாதம் அவரைப் பார்ப்போம்.

மாந்துவாவிலிருந்து மதுரைக்கு

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில், மாந்துவா நகரத்துக்கு அருகே உள்ள காஸ்டிலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். இயேசு சபையில் படிப்பு என்றால் சும்மா இல்லை. லத்தீன் இலக்கணம், தர்க்கம், தத்துவம், இறையியல் என்று வருஷக்கணக்கில் ஓடும். அதையெல்லாம் முடித்துவிட்டு 1710இல் கோவா வந்து இறங்கினார். அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக்குள் வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

மதுரை மிஷன் என்று அழைக்கப்பட்ட பணிக்களம் அது. அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ராபர்ட் தெ நொபிலி அங்கே வந்து, தமிழ் கற்று, உள்ளூர்த் துறவி போல வாழ்ந்து காட்டியிருந்தார். பெஸ்கியும் அதே வழியில் போனார். ஐரோப்பிய அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். தன் பெயரிலிருந்த கான்ஸ்டன்டைன் என்பதன் பொருளை ஒட்டித் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பிறகு வந்து நிலைத்தது.

ஆரம்ப வருஷங்கள் சுகமாக இல்லை. குருக்கள்பட்டியில் அவரைச் சிறைபிடித்தார்கள். உயிரே போயிருக்க வேண்டிய கட்டத்திலிருந்து தப்பி வந்தார். அதற்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. கடைசிவரை இத்தாலியைப் பார்க்காமலே இருந்துவிட்டார். காமநாயக்கன்பட்டி, கோணான்குப்பம், ஏலாக்குறிச்சி என்று ஊர் ஊராகத் தங்கி வேலை செய்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஏலாக்குறிச்சியைத்தான் அவர் திருக்காவலூர் என்று அழைத்தார். அங்கே இருக்கிற அடைக்கல மாதா கோவிலும், விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் இருக்கிற பெரியநாயகி மாதா கோவிலும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

தமிழை அவர் மேலோட்டமாகக் கற்கவில்லை. சுப்ரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முப்பது வயதுக்கு மேல் ஒரு புது மொழியைத் தொடங்கி, அதில் காப்பியம் எழுதுகிற அளவுக்குப் போனார். நாம ஒரு புரோகிராமிங் லாங்குவேஜ் மாத்தவே ஒரு செமஸ்டர் அழுகிறோம்.

ஓலையில் இருந்த சிக்கல்

அன்றைய தமிழ் எழுத்து எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் மதிப்பு புரியும்.

அன்று புத்தகம் என்றால் பனையோலை. பேனா என்றால் எழுத்தாணி. மை கிடையாது. ஓலையைக் கீறி எழுதிவிட்டு, கீறலில் கரியைத் தடவித் துடைப்பார்கள். ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடும். அதன் போக்கிலேயே நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். நம் எழுத்துகள் இவ்வளவு வளைவாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். புள்ளி குத்தினாலும் ஆபத்துதான். அழுத்திக் குத்தினால் ஓலை பொத்தலாகும்.

அதனால் ஏடு எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடமாட்டார்கள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் இல்லை. நெடிலுக்குப் போடுகிற காலும் ர என்ற எழுத்தும் ஒரே மாதிரி இருந்தன. நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்குங்க. காட்டுப்பாக்கம் என்பதை அந்த ஏட்டில் எழுதினால் புள்ளி எல்லாம் போய், கால் இருக்கிற இடத்தில் ர போல ஒன்று நிற்கும். கரடடுபபரககம என்று வாசித்துவிட்டு, ஊர் தெரிந்தவர் மட்டும் தாமே திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஒரு விஷயம் கவனிங்க. புள்ளி இல்லாத மெய்யெழுத்தைத் தமிழ் தெரிந்தவர் ஓரளவு ஊகித்துவிடலாம். டட என்று இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதல் ட மெய்யாக இருக்கும். சொல்லின் முடிவில் ம வந்தால் அது ம் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மொழியின் அமைப்பே கொஞ்சம் உதவி செய்யும். நம்ம பாஷையில சொன்னா, அங்கே ரிடண்டன்ஸி இருக்கிறது. கொஞ்சம் டேட்டா போனாலும் மீதியை வைத்து மீட்டுவிடலாம்.

எ, ஏ, ஒ, ஓ விஷயத்தில் அந்த உதவி கிடையாது. தொல்காப்பியம் சொல்லும் பழைய முறைப்படி, குறிலான எ, ஒ இரண்டுக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் அது நெடில். நன்னூலிலும் அதே விதிதான். உயிர்மெய்யிலும் அப்படியே. கொம்போடு புள்ளி இருந்தால் கெ, புள்ளி இல்லாவிட்டால் கே. விதியில் தப்பே இல்லை. ஆனால் ஓலையில் புள்ளி விடுபட்டதும் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன.

இதனால் என்ன ஆகும்? எரி, ஏரி. கொடு, கோடு. கெடு, கேடு. பெறு, பேறு. கொல், கோல். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டுமே தமிழில் உள்ள சொற்கள். எதை எழுதினாலும் அது ஒரு சரியான சொல்லாகவே தோன்றும். கம்பைலர் எரரே காட்டாமல் புரோகிராம் தப்பான விடை கொடுப்பது மாதிரி இது. எரர் வந்தால்கூடத் தேடிப் பிடிக்கலாம். வராத எரரை யார் தேடுவார்?

சின்ன மாற்றம், பெரிய விளைவு

வீரமாமுனிவர் செய்ததாக நாம் அறிகிற மாற்றம் ஒரே வரியில் சொல்லிவிடக்கூடியது. புள்ளியை நம்பியிருந்த வேறுபாட்டைக் கோட்டின் வடிவத்துக்கு மாற்றினார். வெறும் ஒற்றைக் கொம்பு போட்டால் குறில். கொம்பின் மேல்முனையைச் சுழித்துவிட்டால் நெடில். இன்று நாம் எழுதும் கெ, கே இரண்டும், கொ, கோ இரண்டும் அப்படித்தான் பிரிகின்றன. தனி எழுத்துகளிலும் அதே யோசனைதான். எ குறில், கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ குறில், கீழ்முனையைச் சுழித்தால் ஓ.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்கலாம். மூன்று விஷயம் இருக்கிறது.

ஒன்று, புள்ளி எழுத்திலிருந்து தனியாக நிற்கும் பாகம். கையை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். அதனால் மறந்துபோகும், அல்லது வேண்டுமென்றே விடப்படும். சுழி அப்படி இல்லை. எழுத்தாணி ஓடுகிற ஓட்டத்திலேயே வந்துவிடும். ஓலையும் பொத்தல் ஆகாது.

இரண்டு, பழைய முறையில் குறிலுக்குத்தான் கூடுதல் அடையாளம். அந்த அடையாளம் தொலைந்தால் குறில் சத்தமில்லாமல் நெடிலாக மாறிவிடும். புதிய முறையில் இரண்டு எழுத்துக்குமே தனி உருவம் உண்டு. உருவத்தைப் பார்த்தாலே எது என்று தெரியும், எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

மூன்று, அவர் புது எழுத்தைக் கண்டுபிடித்துத் திணிக்கவில்லை. ஏற்கெனவே கைக்குப் பழகின கொம்பிலேயே ஒரு வளைவு சேர்த்தார். பழைய ஏடு படித்தவருக்குப் புதிதைப் படிப்பதில் சிரமம் இருக்காது. பேக்வேர்ட் கம்பாட்டிபிளிட்டி என்று நாம் வகுப்பில் படிப்பது இதைத்தான்.

இது ஒரே நாளில் ஊரெல்லாம் பரவவில்லை. அவர் கையில் அரசாங்க ஆணை இல்லை, பத்திரிகை இல்லை. இலக்கணம் எழுதினார், அதில் விளக்கினார், தானும் கடைப்பிடித்தார். பிறகு வந்த அச்சுக்கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் அச்சுநூல்கள் பெருகியபோது இந்த வடிவமே நிலைத்தது. கால் வேறு, ர வேறு என்று தெளிவாகப் பிரிந்ததும் அச்சு வந்த பிறகுதான்.

தேடுவதற்கு ஒரு நூல்

எழுத்தைத் தெளிவாக்கியவர், அடுத்து சொற்களைத் தேடும் வழியையும் மாற்றினார். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதிதான் அது.

அதற்கு முன் தமிழில் சொற்பொருள் நூல்கள் இல்லாமல் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் இருந்தன. எல்லாம் செய்யுள். மனப்பாடம் செய்துதான் பயன்படுத்த வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்றால் அது எந்தத் தொகுதியில், எந்தப் பாட்டில் வருகிறது என்பது ஞாபகத்தில் இருக்க வேண்டும். மனப்பாடம் செய்தவருக்கு அது பொக்கிஷம். வெளியிலிருந்து வருகிறவருக்குப் பூட்டின பெட்டி.

வீரமாமுனிவர் சொற்களை எழுத்து வரிசைப்படி அடுக்கினார். நூலை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது பெயரகராதி. ஒரு பொருளுக்குள்ள பல பெயர்களைச் சொல்வது பொருளகராதி. முக்கனி, நவமணி போலக் கூட்டாக வழங்குபவற்றைச் சொல்வது தொகையகராதி. எதுகைக்குச் சொல் தேடுகிற புலவர்களுக்கானது தொடையகராதி. ஒரே டேட்டாவை நான்கு விதமாக இண்டெக்ஸ் போட்டது மாதிரி.

எழுத்துச் சீர்திருத்தமும் அகராதியும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது கொஞ்சம் யோசித்தால் தெரியும். எ, ஏ இரண்டும் ஒரே உருவத்தில் இருந்தால் ஏரி என்ற சொல்லை அகராதியில் எந்தப் பக்கத்தில் தேடுவது? அகர வரிசை வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு எழுத்தும் தனக்கென்று ஒரு முகம் வைத்திருக்க வேண்டும்.

எதிரணி அச்சிட்ட புத்தகம்

அதே காலத்தில் கடற்கரையில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். ஜெர்மனியைச் சேர்ந்த லூத்தரன் மிஷனரி. சில வருஷங்களில் அங்கே அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்தன. காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடிக்காரர்களுக்கும் ஆகாது. அவர் கத்தோலிக்கர், இவர்கள் சீர்திருத்த சபை. அவர்களை மறுத்து அவர் வேத விளக்கம் உள்ளிட்ட நூல்களை எழுதினார். வாதம் காரமாகவே நடந்தது.

ஆனால் அவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் இருக்கிறதே, கொடுந்தமிழ் இலக்கணம், அதை 1738இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம். மதத்தில் எதிரி என்றாலும் இலக்கணம் சரியாக இருந்தால் அச்சிடத்தானே வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்களுக்கு அந்த நூல் பல தலைமுறைகள் பயன்பட்டது.

பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணம் எழுதினார் என்பதே பெரிய விஷயம். அதை இலக்கணம் எழுதத் தகுந்ததாகவே பலர் நினைக்காத காலம். அவர் அதற்கும் ஒன்று எழுதினார், செந்தமிழுக்கும் லத்தீனில் ஒன்று எழுதினார். 1730இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்தையும் சேர்த்துத் தொன்னூல் விளக்கம் என்று தமிழிலேயே ஓர் இலக்கணமும் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார்.

காப்பியமும் கேலியும்

1726இல் முடிந்த தேம்பாவணி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவனாகக் கொண்ட காப்பியம். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். சிந்தாமணியும் கம்பராமாயணமும் படித்து ஊறியவர் எழுதியது என்பது அதில் வரும் நாட்டு வருணனையிலேயே தெரியும். பாலஸ்தீனத்தில் நடக்கிற கதையில் தமிழ்நாட்டு வயலும் வாய்க்காலும் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பரமார்த்த குருவின் கதை. முட்டாள் குருவும் அவருடைய ஐந்து சீடர்களும். ஆற்றைக் கடந்த பிறகு எண்ணிப் பார்த்து, எண்ணுகிறவர் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறார் என்று அழுகிற கதை எல்லாருக்கும் தெரியும். அது இந்த நூலில் வருவதுதான். அரே இண்டெக்ஸில் ஒன்று குறைத்து எண்ணி இராத்திரி முழுக்க பக் தேடினவர்களுக்கு அந்தக் குரு சொந்தக்காரர். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் எளிய உரைநடையில் எழுதிய நூல் அது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் வெளியிட்டார். அதே வருஷம் செந்தமிழ் இலக்கணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவர் கையால் சென்னையில் வந்தது.

ஆக, வீரமாமுனிவர் எழுதியதில் பெரும்பகுதி அவர் இறந்து பல பத்து வருஷங்களுக்குப் பிறகுதான் அச்சைப் பார்த்தது. சென்னைக் கோட்டையில் இருந்த கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை தெற்கே போய் அவருடைய ஏடுகளைத் தேடிச் சேர்த்தார், அவர் வாழ்க்கையையும் எழுதினார். அப்படி ஒருவர் போகாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு கரையானுக்குப் போயிருக்குமோ.

கடைசி வருஷங்கள்

1740 வாக்கில் திருச்சி வட்டாரம் போர்க்களமானது. ஆற்காட்டு நவாப் குடும்பத்தில் உரிமைச் சண்டை. மராத்தியப் படை வந்து 1741இல் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிபைச் சிறையெடுத்துப் போனது. முப்பது வருஷம் உழைத்த இடம் அமைதி இழந்தது. வீரமாமுனிவர் தெற்கே முத்துக்குளித்துறைக் கடற்கரைக்குப் போனார். பிறகு கேரளத்தில் உள்ள அம்பழக்காட்டுக்கு வந்து சேர்ந்தார். 1747இல் அங்கேயே காலமானார். வயது 66. அதில் 36 வருஷத்துக்கும் மேல் இந்த மண்ணில்.

1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் வைத்த சிலைகளில் அவருடையதும் ஒன்று. பீச்சுக்குப் போகும்போது திருவள்ளுவர், ஔவையார் சிலைகளைப் பார்க்கிறோமே, அதே வரிசைதான்.

கேப்பிட்டல் எழுத்தும் பூந்தமல்லி ரோடும்

இப்போ ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஏன் இரண்டு விதமான எழுத்து?

அதுவும் கருவி செய்த வேலைதான். கேப்பிட்டல் எழுத்துகள் ரோமானியர்கள் கல்லில் உளியால் வெட்டினவை. எல்லாம் ஒரே உயரம். சின்ன எழுத்துகள் பேனாவில் வேகமாக எழுதி எழுதி உருண்டு வந்தவை. சில மேலே நீளும், சில கீழே இறங்கும். பிறகு அச்சு வந்தபோது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அச்சுக்கோப்பவர் முன்னால் இரண்டு பெட்டிகள், மேல் பெட்டியில் பெரிய எழுத்து, கீழ்ப் பெட்டியில் சின்ன எழுத்து. அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

முழுக்கக் கேப்பிட்டலில் அச்சிட்ட பத்தியை வாசிக்க நேரம் அதிகம் பிடிக்கிறது என்று 1920களிலேயே அமெரிக்க உளவியலாளர்கள் மைல்ஸ் டிங்கரும் டொனால்ட் பேட்டர்சனும் அளந்து சொன்னார்கள். பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வேகம் குறைகிறது. சொல்லின் வெளிவடிவம் செவ்வகமாகிவிடுவதுதான் காரணம் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். நமக்குச் சின்ன எழுத்து அதிகம் பழக்கம் என்பதே முக்கியக் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

சாலைப் பலகையில் கதை இன்னும் சிக்கல். பிரிட்டனில் 1958இல் முதல் மோட்டார்வே திறந்தபோது ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வெர்ட் இருவரும் முதல் எழுத்து மட்டும் பெரிதாக வைத்துப் பலகை வடிவமைத்தார்கள். டேவிட் கிண்டர்ஸ்லி என்ற எழுத்துக் கலைஞர் முழுக்கக் கேப்பிட்டல்தான் சரி என்று எதிர்த்தார். விமானத் தளம் ஒன்றில் ஆட்களை உட்காரவைத்து, காரின் மேல் பலகையை மாட்டி அவர்களை நோக்கி ஓட்டிவந்து சோதித்தார்கள். தூரக் கணக்கில் கிண்டர்ஸ்லியின் கேப்பிட்டல் சற்றே முன்னால் வந்தது. ஆனாலும் வித்தியாசம் சொற்பம் என்பதால் சின்ன எழுத்தையே ஏற்றார்கள். ஆக, கேப்பிட்டல் எப்பவும் மோசம் என்று விதி கிடையாது. ஒரே ஒரு சொல், தூரத்திலிருந்து பார்ப்பது என்றால் அது தாக்குப்பிடிக்கும். நாலு வரி எழுதினால் தான் கண் களைத்துப்போகும்.

நம்ம மவுண்ட் – பூந்தமல்லி ரோட்டுக்கு வாங்க. போரூரிலிருந்து வந்தால் ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, பூந்தமல்லி. இதில் குமணன்சாவடி, கரையான்சாவடி இரண்டையும் வழக்கமான ஆங்கில ஸ்பெல்லிங்கில் கேப்பிட்டலில் எழுதிப் பாருங்க. இரண்டிலும் சரியாக 14 எழுத்து. தொடக்க எழுத்து ஒன்று. கடைசி 9 எழுத்தும் ஒன்று. மொத்தமே மூன்று இடத்தில்தான் மாறுகிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கும் வெளியூர்க்காரர் குழம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் அதே இரண்டு பெயரும் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடுகின்றன. ஒன்றில் கு கீழே இறங்குகிறது, இன்னொன்றில் ரை பக்கவாட்டில் விரிகிறது. மேலும் கீழும் நீளும் பாகங்கள் தமிழ் எழுத்துக்கு இயல்பாகவே உண்டு.

இன்னொரு விஷயம். காட்டுப்பாக்கத்தை ஆங்கிலத்தில் எழுதினால் கா நெடில் என்று காட்ட வழியில்லை. கட்டுப்பாக்கம் என்றும் படிக்கலாம். போரூரைப் பொரூர் என்றும் படிக்கலாம். இது கேப்பிட்டலின் குற்றம் இல்லை. எந்தக் கேஸில் எழுதினாலும் அதே கதிதான். வீரமாமுனிவர் தமிழில் தீர்த்த சிக்கல், ஆங்கிலப் பலகையில் இன்னும் அப்படியே நிற்கிறது.

போஸ்டர் போடுகிறவர்களுக்கு

சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் என்றால் போஸ்டர் டிசைன் நம்ம தலையில்தான் விழும். வீரமாமுனிவர் வழியிலிருந்து எடுத்துக்கொள்ள நாலு விஷயம் இருக்கிறது.

ஆங்கிலத் தலைப்புக்குக் கேப்பிட்டல் போட்டு அழுத்தம் கொடுப்பது போலத் தமிழில் செய்ய முடியாது. பருமன், அளவு, சுற்றி விடும் இடம், இந்த மூன்றை வைத்துத்தான் வேலை பார்க்கணும்.

ரொம்பத் தடித்த ஃபான்ட் போட்டால் சுழிகள் அடைபட்டுவிடும். ன, ண பிரியாது. கொம்பின் சுழி அடைபட்டால் கே மறுபடி கெ ஆகிவிடும். ஓலைக் காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி. பஸ் முகப்பில் வரும் எல்இடி எழுத்திலும் இதே பிரச்சினைதான். பிக்ஸல் குறைவாக இருந்தால் முதலில் காணாமல் போவது புள்ளியும் சுழியும்தான்.

ஒரே ஃபான்ட் சைஸில் தமிழும் ஆங்கிலமும் வைத்தால் தமிழ் சின்னதாகத் தெரியும். கேப்பிட்டல் எழுத்துக்குக் கீழே இறங்கும் பாகம் இல்லை, உயரம் முழுக்க உடம்பு. தமிழுக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரக் குறியும் இடம் கேட்கும். நம்பரைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்து அளவு வையுங்க.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்துவிட்டால் கொம்பு தன் எழுத்தை விட்டுத் தனியாகப் போய் நிற்கும். சில டிசைன் சாஃப்ட்வேரில் கொம்பு இடம் மாறியே வந்துவிடும். பிரிண்டுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்க.

வீரமாமுனிவருக்குப் பிறகும் நம் எழுத்து மாறாமல் நின்றுவிடவில்லை. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்து முறையை, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978இல் அரசாணை போட்டுத் தமிழக அரசு ஏற்றது. ணை, லை, றா, னோ போன்ற 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் அமைப்புக்கே வந்தன. அதற்கு முன் அச்சான புத்தகத்தை வீட்டில் தாத்தா அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இன்று யூனிகோடில் கெ வின் கொம்புக்கு ஓர் எண், கே வின் கொம்புக்கு வேறோர் எண். போனில் ஏரி என்று தட்டினால் ஏரிதான் வருகிறது, செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தது என்ற செய்தியை யாரும் எரிந்தது என்று படிப்பதில்லை. எழுத்தாணி பிடித்த ஒரு மனிதர் கொம்பை லேசாகச் சுழித்துவிட்டதன் பலன் அது.